ஆர்ட்வார்க்கின் விரல்கள்

ஆபிரிக்காவில் வளை தோண்டி வாழும் ஆர்ட்வார்க்குக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல் என்று யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்த காலம் முழுக்கச் சொல்லிவந்தேன். அது புத்தகத்தில் இருந்தது. நான் எண்ணிப் பார்த்ததில்லை. எதையும் எண்ணாமல் நம்பாத எனக்கு இது தீராத குறை. 2009 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து மனைவியுடன் ரயிலேறி மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். மழை வருமோ, ரயில் வழியில் நிற்குமோ, சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து சம்பல் ஒழுகுமோ என்று போகும்வரை கவலை. ஒன்றும் நடக்கவில்லை.

விலங்கு இருந்தது. ஆனால் நித்திரை. இரவில் உலாவும் பிராணி பகலில் வேறென்ன செய்யும்? நீண்ட காதுகளை மடித்து, கால்களையெல்லாம் வயிற்றுக்கடியில் செருகிச் சுருண்டு கிடந்தது. ஒரு விரல்கூடத் தெரியவில்லை.

“இஞ்சேருங்கோ, இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம்? எங்கட அண்ணையும் இப்பிடித்தான் சோபாவில கிடப்பார்,” என்றாள் மனைவி.

சுவரில் இருந்த படத்தில் ஆர்ட்வார்க் ஒன்று கறையான் புற்றைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

“புத்தை இடிக்குமோ இது? நாங்கள் நாகதம்பிரானுக்குப் பால் வாக்கிறது புத்திலயெல்லோ!”

“முழுக்க இடிக்காது. ஒரு ஓட்டை போட்டு, நீள நாக்கை விட்டு நக்கும். மண் போகாமல் மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டிடும். கொஞ்சம் திண்டிட்டு அடுத்த புத்துக்குப் போயிடும். கறையான் திருப்பிக் கட்டும்.”

“அப்ப பிழையில்லை. மிச்சம் வைக்கத் தெரிஞ்ச சீவன்.”

பின்னேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இருட்டுமுன் வீட்டில் அவள் விளக்கேற்ற வேண்டும். ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. நான் பையைத் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த மகளுக்கு ஃபோன் எடுத்தாள்.

“பிள்ளை, இண்டைக்கு நீ விளக்கை ஏத்து. அப்பாவுக்கு இஞ்ச விரல் எண்ணுற வேலை கிடக்கு.”

பராமரிப்பவர் உணவுத் தட்டோடு உள்ளே வந்ததும் முதலில் காதுகள் எழுந்தன. பிறகு கூன் முதுகு, தடித்த வால். நான் தடுப்புக் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். என் மூச்சுப் பட்டே மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது.

“ஐயோ, நிக்குதோ, போயிட்டுதோ? நீர் எண்ணும், எண்ணும்!” என்றேன் மனைவியிடம்.

“முன்னுக்கு நாலு. பின்னுக்கு… பொறுங்கோ, வைக்கோலுக்குள்ள கிடக்கு… அஞ்சு! சரியோ, மாஸ்டர்?”

“மற்றப் பக்கம்?”

“மற்றப் பக்கம் மட்டும் குறையுமோ?”

குறையாதுதான். ஆனாலும் அது திரும்பும்வரை நின்றோம். அதற்குள் அவள் என் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தை நானே எண்ணினேன். நாலு, ஐந்து. மொத்தம் பதினெட்டு.