யார் கை பட்ட திருகு

செல்லப்பாண்டி மஞ்சள்காமாலையில் இறந்துபோனதும், தாராவியில் அவன் நடத்திவந்த மைக்செட் கடையை அவன் மனைவி பேராச்சி மூடிவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவனோடு வயர் இழுத்து, ஸ்பீக்கர் கட்டிவந்த கரீம் பாட்சா நேராகவே கேட்டான்.

"செட்டை எனக்கே குடுத்துருங்க மதினி. ஒத்தையில என்ன பாடு படப்போறீய?"

மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவன் டீ வாங்கி வந்தாலும் அதில் ஏதோ இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஆம்ப்ளிஃபயரில் இருந்த இரண்டு திருகுகள்தான் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தன. பேஸ், கனத்த சத்தத்தைக் கூட்டும். ட்ரெபிள், கூர்மையான சத்தத்தைக் கூட்டும். இரண்டையும் கடைசிவரை திருகினால் பாட்டு எடுப்பாக இருக்கும் என்று நம்பி, ஒரு சடங்கு வீட்டில் அப்படியே வைத்தாள். செட் ஊளையிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

மாட்டுங்கா சபையில் ஒரு கச்சேரி வந்தது. கூட்டம் வருமுன்பே போய், பாட்சாவை மைக்கில் பேசச்சொல்லி, குரல் மணிமணியாகக் கேட்கும்வரை திருகிவைத்தாள். பிறகு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கிடந்தது. சபாக்காரர் வேங்கடசுப்ரமணியன் முகத்தைச் சுளித்தார்.

"ஒரு வார்த்தை புரியலையேம்மா. உங்க ஆத்துக்காரர் இருந்தப்போ இப்படி இல்லையே."

பாட்சா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தான். பேராச்சி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

செல்லப்பாண்டியின் பேருக்காக, சபையில் அடுத்த கச்சேரிக்கும் அவர்களையே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை குரலைச் சரியாக வைத்ததும், திருகுகளின் நுனியிலும் தகட்டிலும் கண்மையால் பொட்டு வைத்து, இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். பாட்சாவின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் ஒரு தடவைகூடப் பக்கத்தில் வரவில்லை. ஆனாலும் நாற்காலிகள் நிறைய நிறையக் குரல் மங்கிக்கொண்டே போனது.

குனிந்து பார்த்தாள். பொட்டுக்குப் பொட்டு நேராகத்தான் இருந்தது.

கூட்டத்தைப் பார்த்தாள். பட்டுப்புடவைகளும் வேட்டிகளுமாய் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள்தான் கூர்மையான சத்தத்தையெல்லாம் வாங்கி முழுங்குகிறார்கள்; கனம் மட்டும் மிஞ்சுகிறது. ட்ரெபிளைக் கூட்டிப் பார்த்தாள். மெல்லிய ஊளை கிளம்பியதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பிறகு தயங்கித் தயங்கி பேஸைக் குறைத்தாள். பாடகியின் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வெளியே வந்தன.

கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டும்போது பாட்சா கேட்டான்.

"எதுக்கு மதினி என்னையே முறைச்சுக்கிட்டிருந்தீய?"

"திருகை நீதான் மாத்துதேன்னு நெனச்சேன்."

அவன் வயரைக் கீழே வைத்தான். "செட் மேல ஆசை உண்டு. இல்லேங்கல. அதுக்காக அண்ணன் பேரைக் கெடுப்பனா?"

ஸ்பீக்கரைத் தூக்கக் குனிந்தான். பேராச்சி மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து வடாலாவில் பாட்சா சொந்தமாக செட் போட்டான். பெரிய விசேஷங்களுக்கு இரண்டு செட்டையும் சேர்த்தே கட்டினார்கள். அவன் செட்டுக்கும் திருகு பிடித்தது பேராச்சிதான்.