கரும்பலகையில் மலை இல்லாத நாள்

மண்ணூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு ஓவிய டீச்சராக வருவதற்கு முன், பிரவீனாவுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் வேலை. மாதிரியிலிருந்து ஒரு நூல் பிசகினாலும் அந்தப் பாகத்தை ரிஜெக்ட் பெட்டியில் எறிந்துவிடுவாள். அந்தக் கை சும்மா இருக்குமா? கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே சூரியன் என்று அவள் வரைவாள். பிள்ளைகள் அதை அச்சு மாறாமல் போட வேண்டும்; பிசகினால் அழித்துப் போடச் சொல்வாள்.

ஒருநாள் முப்பத்தெட்டு நோட்டிலும் அதே மலையைப் பார்த்ததும் அவளுக்கே எரிச்சல் வந்தது. இந்த ஊரில் ஏது மலை? பலகையைத் துடைத்தாள்.

"இனிமே நான் வரைய மாட்டேன். நீங்க பாத்ததைப் போடுங்க."

பாதிப் பேர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஷைனி மட்டும் தாள் நிறைய ஒரு கம்பெனி பஸ் போட்டாள். ஜன்னலுக்கு ஒரு தலை. எல்லாத் தலைகளும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தன.

"இன்னாடி, எல்லாரும் தூங்கறாங்க?"

"ஷிப்ட் முடிஞ்சி வர்ற பஸ்ஸு டீச்சர். எங்கப்பாகூட இதுலதான் கீறாரு. மீச வச்ச டிரைவர் மட்டும் முழிச்சினு கீறாரு, பாருங்க."

பிரவீனா வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு வருஷம் அவளும் அதே பஸ்ஸில் வந்தவள்தான். டிரைவருக்கு மீசை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.