வெள்ளச் சீல ரூல்

வெள்ளக்கார தொர பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயி, தோட்டத்த அரசாங்கம் எடுத்த வருசம்… பாண் ரொட்டிக்கு விடிய முன்னமே வரிசையில நின்ன வருசம்… அந்த வருசந்தான் எனக்கு தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டயில கால் முறிஞ்சுச்சு.

எழுத்துக் கூட்டத் தெரியாதவன் நான். இந்த போன்ல பேசுனா அதுவே எழுதிக்குது. அதனால பேசுறேன்.

மல ஏற முடியாதவனுக்கு லேசு வேலன்னு புள்ளக்காம்பராவுக்கு அனுப்புனாங்க. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகயில புள்ளைகள விட்டுட்டுப் போற எடம். தண்ணி தூக்கணும், வெறகு பொளக்கணும். உள்ள நொழஞ்சா பால் மாவு கரைச்ச வாசமும், நனைஞ்ச கம்பளி வாசமும் ஒண்ணா வரும்… இப்பவும் கண்ண மூடுனா அந்த வாசம் மூக்குல நிக்கிது.

அதுக்கு அதிகாரி, தலைவி எல்லாமே செல்லாயி அக்காதான். ஆயம்மா. அவங்களுக்கும் எழுத்து தெரியாது. ஆனா உத்தரத்துல தொங்குற இருவது தொட்டிலும் அவங்களுக்கு ரெஜிஸ்டர்.

ஒவ்வொரு தாயும் தன்னோட பழைய சீலையிலதான் தொட்டி கட்டுவா. டிஸ்பென்சரி ஐயா பேர் எழுத வந்தா, அக்கா அண்ணாந்து பாத்துட்டே சொல்லுவாங்க. "நீலக்கோடு வந்துருச்சு… மஞ்சப்பூ வந்துருச்சு… செவப்புக்கரைக்கு காச்சல், வரல."

ஐயா சிரிச்சுக்கிட்டே பேர் எழுதிக்குவாரு.

அந்த வருசம் புள்ளைகளுக்கு சொறி செரங்கு கூடிப்போச்சு. புது நிர்வாகம் ஒரு ரூல் போட்டுச்சு. இனி சொந்தச் சீல கூடாது. ஆபீசுல இருந்து வெள்ளத்துணி வரும், சுடுதண்ணியில அவிச்சு அதுலதான் கட்டணும், போத்தணும்.

ரூல் நல்ல ரூல்தான். பொய் சொல்லக்கூடாது. ரெண்டு மாசத்துல செரங்கு கொறஞ்சுச்சு.

ஆனா அக்கா அன்னைக்கே மொணங்குனாங்க. "இருவது வெள்ளக் கொக்க கட்டித் தொங்கவிட்டா, எது எவ புள்ளன்னு நான் எப்படிடா பாக்குறது?"

அப்புறம் அந்தச் சாயங்காலம்… மூணு நாளா விடாத மழ. எதிர்ல நிக்கிற ஆள் தெரியாத மூட்டம். ஒரு புள்ள வாந்தி எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா அதப் புடிச்சுக்கிட்டே என்னப் பாத்துக் கத்துனாங்க. "சின்னையா, தாய்மார் வந்துட்டாங்க, நீ எடுத்துக் குடு."

கதவுல இருந்து மூணாவது தொட்டி அழகம்மா மக. நாலாவது மீனாச்சி மக. ரெண்டும் அஞ்சு மாசக் கொழந்தைங்க. ரெண்டு தலையிலயும் நூல் தொப்பி.

மத்தியானம் கூரை ஒழுகுதுன்னு நானே மூணாவது தொட்டிய நாலாவதுக்கு அந்தப் பக்கம் மாத்திக் கட்டுனது… அந்த நேரத்துல எனக்கு நெனப்பே இல்ல.

நான் எடுத்து நீட்டுனேன், மழையில நின்னவளுக புள்ள முகத்தக்கூட பாக்கல. கம்பளிக்குள்ள சுருட்டிக்கிட்டு ஓடுனாளுக. ஒருத்தி மேல் லயத்து வீட்டுக்கு, ஒருத்தி ஆத்தோர லயத்துக்கு.

வெறகு அடுக்கிட்டு நான் எறங்கி வாரேன்… பாலத்துக்கிட்ட மூட்டத்துக்குள்ள ரெண்டு பொம்பளைங்க. ரெண்டு பக்கமும் இருந்து ஓடி வந்து அங்க முட்டிக்கிட்டிருக்காளுக. புள்ளைகள கை மாத்திக்கிட்டாளுக.

பொறகு அழகம்மா மெதுவா சொன்னா. "பசின்னு கத்துனாடி. பாக்காமயே குடுத்துட்டேன்."

"குடிச்சாளா?"

"நல்லா குடிச்சா."

அந்தப் பாலத்துத் திட்டுலயே ரெண்டு பேரும் ஒக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்தாளுக. மழத்தண்ணி கீழ ஓடுது… மேல கம்பளி ரெண்டும் புகையிற மாதிரி ஆவி போகுது. கனவுல பாத்த மாதிரி இருக்கு இப்ப நெனச்சா.

விசயம் ஆபீசுக்கு எட்டிருச்சு, மறுநா விசாரண. டிஸ்பென்சரி ஐயா, பெரிய கணக்கப்புள்ள எல்லாம் வந்து நின்னுட்டாங்க.

"புள்ளையக் குடுத்தது யாரு?"

நான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அக்கா சொன்னாங்க. "நான்தாங்க."

பின்பக்கம் வந்து கேட்டேன், ஏன்க்கா இப்படின்னு.

"மல ஏற ஒனக்கு காலு இருக்கா? இந்த வேலையும் போனா லயத்து வீட்ட விட்டு எறங்கச் சொல்லுவான். எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. பேசாம வெறகப் பொள."

அக்காவ கொழுந்துக்கு மாத்திட்டாங்க. பதினாலு வருசம் ஆயம்மாவா இருந்தவங்க கூடையத் தலையில மாட்டிக்கிட்டுப் போனாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

நாலாம் நாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல அந்த ரெண்டு தாய்மாரும் இடுப்புல புள்ளையோட வந்து நின்னாளுக. பின்னால மத்த தாய்மாரும். "ஆயம்மா காம்பராவுக்கு வந்தா நாங்க மலைக்குப் போறோங்க." அவ்வளவுதான் சொன்னாளுக. கணக்கப்புள்ள கத்திப் பாத்தாரு. ஒருத்தியும் நகரல.

அன்னைக்கு மத்தியானமே அக்கா திரும்பி வந்துட்டாங்க. வந்த ஒடனே அவங்க ஒரு ரூல் போட்டாங்க. வெள்ளத்துணி இருக்கட்டும், ஆனா மூலையில தாயோட சீலத்துண்டு ஒரு வெரல் அகலம் தைக்கணும். ஐயா அதையும் எழுதிக்கிட்டாரு.

இப்ப அதே எடத்துல சென்டர் கட்டியிருக்காங்க. கலர் சுவரு, கோர்ஸ் படிச்ச டீச்சர். போட்டோ பைல்ல இருக்கிறவங்க கையிலதான் புள்ளையக் குடுப்பாங்க. கொள்ளுப்பேரனக் கூப்பிடப் போனா, "தாத்தா, சைன் பண்ணுங்க"ன்னு சொல்லி, பொறகு அவங்களே சிரிச்சுக்கிட்டு மைப்பொட்டிய நீட்டுவாங்க. நல்ல ரூல். அன்னைக்கும் இப்படி ஒண்ணு இருந்திருக்கலாம்.

போன கெழம அங்க அழகம்மா மக பாக்கியம் நின்னுச்சு, பேத்திய விட வந்து. புள்ளையோட பேக்குல பேர் ஸ்டிக்கரு… பக்கத்துல சீலத்துண்டு ஒண்ணு கட்டியிருக்கு.

என்னன்னு கேட்டேன்.

"செல்லாயி ஆயம்மா சின்னதுல என்ன மாத்திக் குடுத்துட்டாங்களாம் மாமா. அதுல இருந்து எங்கம்மாவுக்கு இது பழக்கம். எனக்கும் ஒட்டிக்கிச்சு." சொல்லிட்டு சிரிச்சுச்சு.

நானும் சிரிச்சு வச்சேன். வீட்டுக்கு வந்து இந்த போன எடுத்து எடுத்து கீழ வச்சேன்.

செல்லாயி அக்கா போயிட்டாங்க. ஐயா போயிட்டாரு. அழகம்மா போயிருச்சு. மீனாச்சி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிருச்சு. மீனாச்சியும் அந்தப் புள்ளையும் தவறிட்டாங்கன்னு அங்க இருந்து தகவல் வந்துருச்சு.

ஒன்ன மாத்திக் குடுத்தது அக்கா இல்லம்மா. நான். இதச் சொல்ல எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான், பாக்கியம்.