நம்ம ஆளு இல்லையே

புகாரைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் வரிவரியாகத் தடவிப் பார்ப்பார். என்ன நடந்தது என்றல்ல, யார் செய்தது என்றுதான் தேடுவார். மாணவன், ஆசிரியர் என்றிருந்தால் முகம் தொங்கிப்போகும். குழு, விசாரணை, கூட்டம் என்று ஆறு மாதம் அலைய வேண்டுமே. வெளி ஆள் என்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மனிதருக்கு உயிர் திரும்பிவிடும். “இவன் நம்ம ஆளு இல்லையே” என்று பேனாவைத் திறப்பார்.

கல்லூரியின் புகார்ப் பிரிவு அதிகாரி அவர். அறைக் கதவில் ‘அச்சமின்றி வாருங்கள்’ என்று எழுதியிருக்கும்; கதவு பாதிதான் திறக்கும், பின்னால் பழைய கோப்புக்கட்டுகள். கேன்டீன்காரர், கட்டட மேஸ்திரி, ஒரு நாள் பேச வந்த சிறப்பு விருந்தினர் என எவர் மேல் புகார் வந்தாலும் அவர்களுக்கும் கல்லூரிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கைகழுவிவிடுவார்.

வேதியியல் முதுகலை மாணவி ஒருத்தி வந்தாள். ஆய்வகக் கருவியைச் சரிபார்க்க வெளிக் கம்பெனியிலிருந்து வாரந்தோறும் வரும் மெக்கானிக், அவள் தனியாக இருக்கும்போது கதவைச் சாத்துகிறான். கருவியைக் காட்டும் சாக்கில் இடுப்பில் கை வைக்கிறான். தேதி, நேரத்தோடு எழுதியிருந்தாள்.

“நம்ம ஆளா இருந்தா நானே தோலை உரிச்சிருப்பேம்மா. வெளி ஆளை நான் என்ன பண்ண முடியும்? நீதான் கொஞ்சம் ஒதுங்கி இருந்துக்கணும்.”

“அவர் வெளி ஆளு, சரி சார். நான் உங்க காலேஜ் பொண்ணுதானே?”

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ‘வரம்பில் வராது’ என்று எழுதி மூடினார். மெக்கானிக் உள்ளே நுழையும் அனுமதிச் சீட்டில் மாதாமாதம் கையெழுத்திடுவதும் இவரேதான். அது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

அவள் மூன்றாம் தடவை வந்தபோதும் கை விரித்துவிட்டார். அவள் ஆய்வக உதவியாளரம்மாவிடம் போய் அழுதாள். அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அடுத்த வாரம் மெக்கானிக் வந்தபோது ஆய்வகத்தை வெளியே பூட்டி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“உள்ள விடமாட்டேன். யார்கிட்ட வேணா போய்ச் சொல்லிக்கோ.”

பூட்டிய கதவுக்குள்ளே அந்தப் பெண் இரண்டு மாதத்தில் முதல் முறையாகப் பதற்றமில்லாமல் தன் பரிசோதனையை முடித்தாள்.

மெக்கானிக் நேரே போனது புகார் அறைக்கு. அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். வெளியிலிருந்து வருகிறவர் கல்லூரியைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று பதறினார். உதவியாளர் கல்லூரிச் சம்பளக்காரி. வரம்புக்குள் கச்சிதமாக வந்துவிட்டாள். அன்றைக்கே அவளிடம் விளக்கம் கேட்பதாக வாக்குக் கொடுத்து, புதுத் தாள் எடுத்தார்.

“பதட்டப்படாம, ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க தம்பி.”

தம்பியின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்தி, மேசை மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.