நான் அட்வொகாட் இல்லை

நிறோஷினிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். கூடப் பிறந்த அண்ணன் சிவபாலனுக்குத்தான் பிடிபடவில்லை.

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் கிழடுகளைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்துவிட்டு அவள் சட்டம் படித்தாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைக்கல்வி. யோசனை அண்ணனுடையது. லண்டன் பட்டம் எங்கேயும் செல்லும், டென்மார்க்கில் அட்வொகாட், அதுதான் சட்டத்தரணி, ஆகலாம் என்று அவர் அடித்துச் சொன்னார். அவள் நம்பினாள். ஓய்வு நாள்களெல்லாம் நூலகத்தில் போயின. ஆறு வருடத்தில் தேறினாள்.

தேறிய பிறகுதான் ஓகூஸ் பல்கலைக்கழகச் சட்டபீடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். எதிர்முனைப் பெண் பொறுமையாக விளக்கினாள்: இங்கே அட்வொகாட் ஆக டெனிஷ் சட்டத்தில் பட்டமும் முதுகலையும் வேண்டும், அதன்பின் வருடக்கணக்கில் பயிற்சி. ஆங்கிலச் சட்டம் அதற்குப் போதாது. இந்த ஒரு கேள்வியை முதல் வருடமே கேட்டிருக்கலாமே என்று நிறோஷினிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றைக்கே அண்ணனிடம் சொன்னாள். அவர் அசையவில்லை. பாராட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, ஹேர்னிங்கிலிருந்துகூடச் சனம் வருகிறது என்றார்.

“உதெல்லாம் சனத்துக்கு விளங்காது. பட்டம் பட்டம்தானே, நீ பேசாமல் இரு.”

படித்து முடித்ததற்கான விருந்து என்றால் வருகிறேன், சட்டத்தரணி என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது என்றாள். அவர் ஓம் என்று தலையாட்டினார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையில் பெரிய பதாகை: ‘சட்டத்தரணி நிறோஷினிக்கு வாழ்த்துகள்.’ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மாலை போட்டார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள். வெட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பவளராணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹொட்டேல் ஒன்றில் துப்புரவு வேலை செய்தவள். தோள்மூட்டு வலியில் மருத்துவ விடுப்பில் இருந்தபோது வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண் கலங்க நன்றி சொன்னாள். எதற்கு என்று நிறோஷினி கேட்டாள்.

“உங்கட அண்ணைதான் சொன்னவர், போன கிழமையும் சொன்னவர், யூனியனுக்குப் போகத் தேவையில்லை, தங்கச்சி கோட்டிலை கேஸ் போட்டுப் பாத்துக்கொள்ளுவா எண்டு. அதுதான் நான் ஒருத்தரிட்டையும் போகாமல் இருந்தனான்.”

எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டாள். மாரி தொடங்கும்போது என்றாள் பவளராணி. குளிர்காலம் முழுக்கக் கழிந்து, இப்போது வெளியே மரங்கள் துளிர்விட்டிருந்தன. இப்படிப்பட்ட முறைப்பாட்டை ஆறப்போட்டால் கையைவிட்டே போய்விடலாம் என்று நிறோஷினிக்குத் தெரியும்.

மேடைக்குப் போய் மைக்கை எடுத்தாள். பாட்டை நிறுத்தச் சொன்னாள்.

“நான் அட்வொகாட் இல்லை. இந்தப் பட்டத்தோடை இஞ்சை அட்வொகாட் ஆகவும் ஏலாது. அண்ணாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உங்களுக்குப் பொய் சொன்னவர். என்னை நம்பி ஆராவது அலுவலை வைச்சுக்கொண்டிருந்தால், நாளைக்கே யூனியனுக்குப் போங்கோ.”

குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் பின்வரிசைவரை கேட்டது. சிவபாலன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை. கதிரையில் ஏறிப் பதாகையைத் தன் கையாலேயே கழற்றி இறக்கினாள்.

அடுத்த வேலைநாளில் பவளராணியைக் கூட்டிக்கொண்டு யூனியனுக்குப் போனாள். அங்கிருந்த வழக்கறிஞர் ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று கேட்டபோது, நிறோஷினி மறைக்காமல் காரணத்தைச் சொன்னாள். கடைசியில் ஹொட்டேல்காரர் சமாதானத்துக்கு வந்து கொஞ்ச நட்டஈடு கொடுத்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நேரத்தோடு வந்திருந்தால் இன்னும் நன்றாக வாதாடியிருக்கலாம் என்றார் அந்த வழக்கறிஞர்.

சிவபாலன் தங்கையோடு கதைப்பதை விட்டார். சபையில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சில மாதம் கழித்து மனைவியைத் தூது அனுப்பினார். நிறோஷினி வந்து மன்னிப்புக் கேட்டால் பழையபடி இருக்கலாமாம்.

“மன்னிப்புக் கேக்கவேண்டியது அவர், அண்ணி. என்னட்டை இல்லை, பவளராணி அக்காட்டை. வீடு தெரியாட்டில் நான் காட்டிவிடுறன்.”

அவர் இன்னும் போகவில்லை.

நிறோஷினி ஓகூஸில் டெனிஷ் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெற்றாள். படித்ததில் ஒன்றிரண்டு பாடங்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள், மற்றதெல்லாம் முதலிலிருந்து. முதியோர் இல்லத்தில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு ரயிலில் போய் வருகிறாள். வகுப்பில் பக்கத்தில் இருப்பவர்கள் அவளுடைய மூத்த மகளின் வயதுக்காரர்கள். ஆறு வருடம் வீணாய்ப் போகவில்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவளுக்குப் பிடிப்பதில்லை. வீணாய்த்தான் போனது என்கிறாள்.