தொரிபியாவின் துணி மூட்டை

அம்மா தொரிபியா இறந்த ஐந்தாம் நாள் காலையில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவளைத் தூக்கி, திருப்பி, துடைத்துப் பார்த்துக்கொண்டவள் நான். இன்னும் ஒரே ஒரு நாள் என்று என்னை நானே இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் மலையில் இறந்தவரின் துணி முழுவதையும் ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்து, காய்ந்ததும் எரித்துவிட வேண்டும். ஒரு துணி விட்டுப்போனாலும் அதைத் தேடிக்கொண்டு ஆத்மா வீட்டையே சுற்றிவரும்.

துவைப்பது மருமகன் வேலை. என் புருஷன் சுரங்கத்துக்கென்று போய்ப் பதினொரு வருடமாயிற்று, ஆளைக் காணோம். அதனால் தலைநகர் லீமாவிலிருந்து வந்திருந்த அக்கா எர்லிந்தாவின் கணவர் ஒஸ்வால்தோ, பளபளக்கும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"ஐயோ, இது தண்ணியா, கத்தியா?"

கரையிலிருந்த பெண்கள் விடுவார்களா? "மாமியா வீட்டு உருளக்கெழங்கு மட்டும் எதமா எறங்குச்சில்ல மாப்ள? இப்பக் குனிஞ்சு நல்லாக் கசக்குங்க!"

நான் மூட்டையைப் பிரித்தேன். ஒரு பாவாடை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு தொப்பி, பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் கம்பளித் துணி. அவ்வளவுதான். சிரிப்பு நின்றுபோனது.

"மிச்சம் எங்கடி?" என்றாள் அக்கா.

"மிச்சம்னு ஒண்ணும் இல்லக்கா."

"வருஷா வருஷம் பஸ்ல போட்டு விட்டேனே, பாவாடை, ஸ்வெட்டர், சால்வைன்னு! எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டியா? எவ எவ உடம்புலயோ தொங்குறதத் தேடிக்கிட்டு அம்மா அலையணுமா?"

ஊரே என்னைப் பார்த்தது. அம்மா போகிற வழியை நான்தான் மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதுபோல.  கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அம்மாவின் கதையை அக்காவுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? முப்பத்தொரு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, உருளைக்கிழங்கு நட்டு எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தாள். வளர்ந்தவர்கள் நகரத்துக்குப் போனார்கள், அங்கே பெற்ற பிள்ளைகளை இவளிடம் அனுப்பினார்கள். அப்படி ஒன்பது பேரப்பிள்ளைகள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் தின்று முடித்தபின் பானையின் அடியை நின்றபடியே வழித்துத் தின்பாள். புதுப் பாவாடை வந்தால் ஊர்த் திருவிழாவன்று ஒரு தடவை கட்டுவாள். மறுநாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். படுக்கையில் விழுந்த பிறகும் அந்தக் கத்தரிக்கோலை விடவில்லை.

"ஒண்ணையாவது வச்சுக்கயேம்மா" என்றால், "நா என்ன கல்யாணப் பொண்ணா? போடி" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். தன்னைத் தானே இப்படித் தேய்த்துக்கொள்கிற ஒருத்தியின் பக்கத்தில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை.

என் நல்ல நேரம், நீல்தா முன்னால் வந்தாள். அக்காவின் மகள், பதினொரு வயது, கைக்குழந்தையிலிருந்து எங்கள் வீட்டில் வளர்கிறவள். மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவள் அம்மாவிடம் நீட்டினாள்.

"இது நீ அனுப்புன பச்சப் பாவாட. அம்மாச்சி வெட்டித் தச்சது."

அடுத்தவன் கால்சட்டையைக் கழற்றினான். "இது சால்வ, பெரியம்மா." ஒரு ஸ்வெட்டர் இரண்டு குட்டி ஸ்வெட்டராகி வந்தது. ஒன்பது பேரும் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டு நிற்க, பாறைமேல் துணி குவிந்தது. பெண்கள் தங்கள் போர்வைகளை எடுத்துப் பிள்ளைகளைச் சுற்றினார்கள். அக்கா போட்டிருந்த செருப்போடு தண்ணீரில் இறங்கி, புருஷன் பக்கத்தில் குனிந்து துவைக்கத் தொடங்கினாள்.

மத்தியானம் துணிகள் காய்ந்தன. பிள்ளைகள் உடுத்துவது பிள்ளைகளுடையது, துவைத்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவுடையது மட்டும் நெருப்புக்குப் போனது. முதலில் பாவாடை, பிறகு சட்டை, தொப்பி. கடைசியில் அந்தச் சுமக்கும் துணியை அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இத மட்டும் எனக்குக் குடுடி. என்னையும் சுமந்துச்சு, நீல்தாவையும் சுமந்துச்சு. ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்."

"வேணாக்கா."

"நீ மூணு வருஷம் அவகூட இருந்த. எனக்கு என்னடி இருக்கு?"

அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கையை நீட்டினேன்.

"இது இருந்தா அவ வந்துருவாக்கா. எந்தப் பிள்ள அழுதாலும் எடுத்து முதுகுல கட்டிக்குவா. போதும்க்கா. விட்டுரு அவள."

அக்கா அதை மடித்து என் கையில் வைத்தாள். கனத்த கம்பளி, உள்ளே ஈரம் மிச்சமிருந்தது. லேசில் பற்றாமல் புகைந்துகொண்டே இருந்தது. முழுவதும் எரியும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பானையில் என்ன மிச்சமிருக்கிறது என்று நின்றபடியே அகப்பையால் துழாவினேன். நீல்தா என் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கினாள். தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்தாள்.

"உக்காந்து சாப்புடு சித்தி" என்றாள்.

உட்கார்ந்தேன்.