நாலாவில் மேகம் இறங்கும் நேரம்

1. துப்பாக்கி கேட்டவனுக்குக் கரண்டி

திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது விக்கிரமங்கலத்திலிருந்து நான்கு பேர் போனோம். நான்கு பேருமே தேறினோம். மற்ற மூவருக்கும் துப்பாக்கி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சமையல் டிரேடு. முதல் நாள் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்தில், ஒரு மூட்டை வெங்காயத்தை என் முன்னால் கொட்டினார்கள். உரித்துக்கொண்டே அழுதேன். வெங்காயம்தான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் சமையல் என்ற வார்த்தையே வராமல் பார்த்துக்கொண்டேன். "முக்கியமான பொறுப்பு குடுத்திருக்காங்க" என்று மட்டும் எழுதுவேன். அது உண்மைதான் என்று எனக்கே தெரிய ஒன்பது வருடம் ஆனது.

2. மூன்று நாள் சோறில்லை

அந்த ஒன்பதாம் வருடக் கோடையில் வடக்கு மலை எல்லையில் சண்டை மூண்டது. முகட்டு மேல் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் இருந்தார்கள். கீழே பாறை மறைவில் என் லங்கர். இரண்டுக்கும் நடுவே ஒரு மலை ஓடை, நாலா என்போம். மேலே ஏற அந்த ஓடையோரத்தை விட்டால் வேறு வழி இல்லை. இருட்டில் ஏறினால் பனியில் வழுக்கியது. இரண்டு கோவேறு கழுதைகள் பள்ளத்தில் போயின. ஒருவனுக்குக் கால் முறிந்தது. வெளிச்சத்தில் ஏறினால் எதிர்மலையிலிருந்து சுட்டார்கள். மேலே இருந்தவர்கள் மூன்று நாளாக பிஸ்கட்டைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வயர்லெஸ்ஸில் ஒருவன் கேட்டான்: "தங்கராசு அண்ணே, சோறு எப்புடி இருக்கும்? வெள்ளையா இருக்குமா?"

சிரித்தேன். வயர்லெஸ்ஸைக் கீழே வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் கம்பெனி கமாண்டர் பஞ்சாபிலிருந்து வந்த மேஜர். தமிழ் ஆட்களுக்குத் தலைமை தாங்க வந்தவர் என்பதால் தமிழ் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் ஜெயங்கொண்டத்துக்காரரான சுபேதார் கலியமூர்த்தி. அதனால் மேஜர் வாயில் வீடு என்று வராது. "வூடு" என்றுதான் வரும்.

நான்காம் நாள் காலையில் மேஜர் எங்களைக் கூட்டினார். மண்ணைக் குவித்து மலை மாதிரி செய்து, குச்சியால் ஒரு கோடு போட்டார்.

"சாயந்திரம் நாலு மணி. வெயில் எதிரி கண்ணுல அடிக்கும். அப்ப ஆறு பேர் சோறு தூக்கிட்டு ஏறணும். எதாச்சும் சொல்லணுமா?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மேஜரே சொன்ன பிறகு யார் பேசுவார்? எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து தலையை ஆட்டினேன்.

மேஜர் கண்கள் என்னிடம் வந்து நின்றன. "தங்கராசு, நீ டெய்லி நாலாவுல பாத்திரம் வெளக்குற. நீ சொல்லு."

"சாப், அவன் சமையல்காரன்" என்றார் சுபேதார்.

"அதான் அவனக் கேக்குறேன்."

எப்படியோ பேசினேன். "சாப், நாலு மணி வெயில்ல அந்த ஓடையும் பனியும் பளபளன்னு மின்னுங்க. அதுல ஆள் ஏறுனா கறுப்பா நல்லாத் தெரியும்ங்க."

"அப்ப எப்ப ஏறலாம்?"

"பதினோரு மணிவாக்குல மேகம் நாலாவுக்குள்ள எறங்கும்ங்க. பாத்திரம் வெளக்கிட்டு இருக்கும்போதே எதிர்க்கரை மறைஞ்சிடும். முக்கா மணி நேரம் நிக்கும்."

"தினமும்?"

"மழை இல்லாத நாள்ல தினமும்ங்க."

மேஜர் தான் போட்ட கோட்டைத் தானே பூட்ஸால் அழித்தார். "என் பிளான் கேன்சல். தங்கராசு பிளான்."

3. மண்ணெண்ணெய் ரசம்

புளிசாதத்தை மூட்டை கட்டினோம். ரசத்தைக் கொண்டுபோக ஒரு ஜெரிகேன்தான் கிடைத்தது. முன்பு மண்ணெண்ணெய் இருந்த கேன். ஏழு தரம் வெந்நீர் விட்டுக் கழுவி, சூடாக ஊற்றி மூடினேன்.

மணி பதினொன்று. மேகத்தைக் காணோம். மேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆறாவது ஆள் நான். மாட்டேன் என்று யாரும் சொல்லாதபோது, யோசனை சொன்னவன் கீழே நிற்பது நியாயமில்லை என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

"வரும்" என்றார் மேஜர். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பதினொன்று இருபதுக்கு மேகம் வந்தது. முதலில் எதிர்க்கரை போனது, அப்புறம் ஓடை, அப்புறம் என் கை. ஏறினோம். முன்னால் போகிறவனின் மூச்சைக் கேட்டுத்தான் கால் வைத்தேன். முதுகில் ரசம் சுட்டது. அந்தக் குளிருக்கு அது சுகமாகவே இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, ரசத்துல மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதே!"

"குளிருக்கு நல்லது. குடிடா."

கேனைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிற வரை குடித்தார்கள்.

அன்று நாலு மணிக்கு நாலாவில் மூன்று குண்டுகள் விழுந்தன. ஓடையோரப் பாறை சிதறுவதை மேலே இருந்தபடி பார்த்தோம். உடனே வயர்லெஸ்ஸில் மேஜர் குரல். எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினார். "இந்நேரம் உங்கள அங்க அனுப்பியிருப்பேன். தப்புப் பண்ணப் பாத்தேன்."

மறுநாள் மேகத்தில் இறங்கினோம். டீ கொண்டுபோனபோது மேஜரிடம் கேட்டேன்: "சாப், நேத்து ஏன் என்னையக் கேட்டீங்க?"

அவர் பங்கரில் ஒரு டிரங்க் பெட்டி நிறையப் போர் வரலாற்றுப் புத்தகங்கள் இருந்தன. அதைக் காட்டினார். "தோத்த சண்டையெல்லாம் படிச்சேன். நெறைய சண்டையில, யாரோ ஒரு சிப்பாய்க்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருக்கு. அவன யாரும் கேக்கல." டீயைக் குடித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "ஆனா நானும் தப்பாத்தான் கேட்டேன். என் பிளான மொதல்ல சொல்லிட்டேன். கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்."

4. வேகாத பருப்பு

ஓய்வு பெற்று வந்து பெரம்பலூரில் கேட்டரிங் ஆரம்பித்தேன். இப்போது பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். மலையில் படித்ததை மறக்க மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆவணியில் அரியலூரில் ஒரு கல்யாணம். எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. காலை எட்டரைக்கு அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, வேகவில்லை. அடுப்பைக் கூட்டச் சொன்னேன். பருப்பு மட்டம் என்று மளிகைக்காரரைத் திட்டினேன். சமையல் மாஸ்டர் ஒரு பக்கம் சோடா மாவு போடலாம் என்றார். பெண்வீட்டார் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காய் நறுக்கும் அஞ்சலை கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பருப்பு நல்ல பருப்புதாண்ணே. இந்த மண்டபத்து போர்வெல் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. இதுல எங்க வேகும்? பின்தெருவுல கொள்ளிடம் தண்ணி கொழாய் இருக்கு."

நான்கு டிரம் பிடித்து வந்து புதிதாக உலை வைத்தோம். பத்தேகாலுக்குப் பருப்பு மசிந்தது. முதல் பந்திக்குச் சாம்பார் போய்ச் சேர்ந்தது.

"ஏம்மா, தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"மூணு வருசமா ஒங்ககிட்ட வேலை செய்யறேன். நீங்க ஒருநாளாச்சும் கேட்டிருக்கீங்களாண்ணே?"

சுற்றி நின்ற பதின்மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தார்கள். "கேக்கலம்மா. மளிகைக்காரரையும் சும்மா திட்டிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அங்கேயே அவருக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன்.

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தலைவனாக இருந்தால் கடைசியில் பேசுங்கள். வேலையைக் கையால் செய்கிறவரிடம் முதலில் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை தலையை ஆட்டாதீர்கள். போரில் ஆறு உயிர், மண்டபத்தில் எண்ணூறு இலை. கேட்க ஆகிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது ஒவ்வொரு விசேஷத்துக்கு முன்னாலும் எங்கள் கூட்டத்தில் அஞ்சலைதான் முதலில் பேசுகிறாள். போன வாரம், என் சாம்பாரில் பெருங்காயம் அதிகம் என்றாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. கோபம் வந்தது. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன்.

அதிகம்தான்.